சனிக்குப் போன மாப்பிள்ளை

புளிச்சான்குளத்து ஆட்கள் அறிவாளிகள் என்று எவராவது உங்களிடம் சொன்னால், சொன்னவர் புளிச்சான்குளத்துக்காரர் என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவே ஒரு ஓடைதான் இருக்கிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் என்னைப் பிறக்க வைத்த சாமிக்கு நான் வருஷா வருஷம் தவறாமல் கிடாய் வெட்டுகிறேன்.

அந்த ஊரில் சிவனணைந்தான் என்று ஒருவர். அவருக்கு ஒரே மகள், இசைவாணி. டவுனில் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். அந்தக் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட அறிவு மொத்தமும் வழி தவறாமல் அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.

அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் திருமலைக்குமார், கரிசல்புதூர்க்காரன், சென்னையில் சினிமாவில் நடிக்கிறான். போட்டோ பார்த்தாள், போனில் பேசினாள், பிடித்துப்போயிற்று. அவனுக்கும் பிடித்துப்போயிற்று. இதோடு விட்டிருந்தால் நேரே பந்தல் போட்டிருக்கலாம்.

ஆனால் பெண் வீட்டார் போய் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வர வேண்டாமா? சிவனணைந்தான் போனைப் போட்டார்.

"மாமா, நான் இப்ப ஊருக்கு வர முடியாது," என்றான் திருமலை. "வெள்ளிக்கிழமை படம் ரிலீஸ். 'சனி வளையத்தில் ஒருவன்'னு விண்வெளிப் படம். நான்தான் ஹீரோ. உங்க டவுன் தியேட்டர்லயே போடுறாங்க. அங்க போய் என்னைப் பாருங்க. பாத்துட்டு உங்க கருத்தை மறைக்காம சொல்லுங்க."

பாவம், பேச்சுக்குச் சொன்னான். யாரிடம் பேச்சுக்குச் சொல்கிறோம் என்ற யோசனை வேண்டாமா அவனுக்கு?

சிவனணைந்தான் உடனே மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார். முதல் ஆள் அவருடைய அண்ணன் சுடலையாண்டி. குடும்பத்தில் மூத்தவர், மீசையும் அவருக்குத்தான் பெரிது. இரண்டாவது ஆள் மைத்துனர் கோமதிநாயகம். பெண்ணுக்குத் தாய்மாமன், முரடர். மூன்றாவது ஆள் தம்பி பூலையா. எட்டாம் வகுப்பு வரைக்கும் போனவர் என்பதால் விஞ்ஞானம் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் ஊரே அவரிடம்தான் வரும். அவர் கை வைத்துப் போய்த் தொலைந்த பம்புசெட்டுகள் எத்தனையோ.

"எப்பா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு," என்றாள் இசைவாணி. "இவங்க மூணு பேரையும் அனுப்பிக் கெடுத்துராதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நீ சும்மா இரி ஏட்டி. பாக்காம குடுக்கதுக்கு நீ என்ன மண்பானையா?" என்றார் சிவனணைந்தான். அப்புறம் மூவரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "மாப்பிள்ளையைத் தலையில இருந்து கால் வரைக்கும் பாக்கணும். வீடு வாசல் எப்படி, சேர்க்கை எப்படின்னு பாக்கணும். அக்கம்பக்கத்துல விசாரிக்கணும். காரியம் முடிவாகுற வரைக்கும் அங்க கையை நனைக்கப்பிடாது. நீங்க வந்து சரின்னாத்தான் கல்யாணம். இல்லன்னா வேற இடம் பாப்போம்."

கிளம்புகிற நேரத்தில் சுடலையாண்டிக்குத் திடுக்கென்றது. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகலாமா? கூடாது. அதற்கு நம் பக்கத்தில் ஒரு பரிகாரம் உண்டு; கூட ஒரு கல்லை எடுத்துக்கொண்டால் நாலு பேர் கணக்கு. மற்றவர்கள் கூழாங்கல்லைப் பையில் போட்டுக்கொள்வார்கள். இவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற ஆள் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, சந்தனம் பூசி, தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

தியேட்டரில் நாலு டிக்கெட் கேட்டார்கள்.

"நாலாவது ஆள் எங்க அண்ணாச்சி?" என்றான் டிக்கெட் கிழிக்கிறவன்.

கோமதிநாயகம் குழவியைக் காட்டினார். "இவருதான். எங்க கூட வந்திருக்காரு."

அவன் குழவியைப் பார்த்தான், கோமதிநாயகத்தின் புஜத்தைப் பார்த்தான், நாலு டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்தான். குழவிக்கு ஓரத்து இருக்கை வாய்த்தது.

விளக்கு அணைந்தது. திரையில் திருமலைக்குமார் வெள்ளை உடுப்பும் கண்ணாடிக் குண்டானுமாக வந்தான். மூவரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். அவன் திரும்பிக் கும்பிடவில்லை. ராக்கெட்டுக்குள் ஏறிப் போய்விட்டான்.

"பெரியவங்களைப் பாத்தா ஒரு வணக்கம் வைக்கத் தெரியலியே," என்றார் சுடலையாண்டி.

"அவசரத்துல இருப்பான் அண்ணாச்சி," என்றார் பூலையா. "சனிக்குப் போறானாம்லா."

"எங்க?"

"சனிக் கிரகத்துக்கு."

சுடலையாண்டி உட்கார்ந்துவிட்டார். "ஊர்ல உள்ளவன் எல்லாம் சனி விலகட்டும்னு எள்ளு விளக்கு போடுதான். இவன் வண்டி வச்சுல்லா தேடிப் போறான்!"

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் முகம் மட்டும் திரை முழுக்க நின்றது. தலை தெரிந்தது, கால் தெரியவில்லை. கால் வரைக்கும் பார்க்கச் சொல்லியிருக்கிறார் சிவனணைந்தான். கோமதிநாயகம் எழுந்து போய்த் திரைக்கு அடியில் குனிந்து தேடினார். தியேட்டரே விசில் அடித்தது. அவர் திரும்பி வருவதற்குள் கால் தெரிந்தது. ஆனால் அது மேலே இருந்தது, தலை கீழே இருந்தது.

"தரையில காலே பாவலியே!" என்றார் கோமதிநாயகம்.

"எழுதிக்கிடுங்க," என்றார் சுடலையாண்டி. யாரிடமும் பேனா இல்லாததால் மனதில் வைத்துக்கொண்டார்கள்.

அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் வேலை பூலையாவுக்கு விழுந்தது. அவர் பக்கத்து இருக்கைப் பையனின் தோளைத் தட்டினார்.

"தம்பி, நீங்க பக்கத்துல இருக்கீங்க. உங்களுக்குத் தெரியும். பையன் எப்படி?"

அந்தப் பையன் படத்தைப் பாதியும் போனைப் பாதியும் பார்த்துக்கொண்டிருந்தவன். "தேறாது அண்ணாச்சி," என்றான். "மூஞ்சியில ஒரு உணர்ச்சியும் கிடையாது."

"குடிப்பழக்கம் உண்டா?"

"போன படத்துல முழுக்கக் குடிகாரனாத்தான வந்தான்."

பூலையாவுக்கு வியர்த்துவிட்டது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பி ஆறுதலாகச் சொன்னார்: "முதல் பாதி இழுவைதான். ரெண்டாம் பாதி தேறும்னு எம்மவன் சொன்னான்."

"அப்படின்னா கல்யாணத்துக்குப் பொறவு தேறிருவான்," என்று மற்ற இருவருக்கும் விளக்கினார் பூலையா. மூவருக்கும் மூச்சு வந்தது.

அப்போது திரையில் மாப்பிள்ளை நேராக இவர்களைப் பார்த்தான். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "யாராவது இருக்கீங்களா? நான் பேசுறது கேக்குதா? தயவுசெஞ்சு பதில் சொல்லுங்க!" என்று கெஞ்சினான்.

"கேக்குது மாப்ள!" என்று மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஒருத்தர்கூடப் பதில் சொல்ல மாட்டேங்கறீங்களே!" என்றான் மாப்பிள்ளை.

கோமதிநாயகம் இருக்கை மேல் ஏறி நின்று இன்னொரு தரம் கத்தினார். சுடலையாண்டி துண்டை வீசினார். மாப்பிள்ளை கண் கலங்கித் தலையைக் குனிந்துகொண்டான்.

"காது மந்தம்," என்று முடிவு கட்டினார் சுடலையாண்டி. "மூஞ்சி லட்சணமாத்தான் இருக்கு. காதுதான் போச்சு."

இடைவேளை வந்தது. மூன்று பேருக்கும் தாகம் நாக்கைப் பிடுங்கியது, ஆனால் கை நனைக்கக் கூடாதே. பூலையா ஒன்றுக்குப் போய்விட்டுக் குழாயைக் கண்டும் காணாமலும் திரும்பிவந்தார். அவர் கொள்கைப்பிடிப்பை நான் மெச்சுகிறேன். அவர் கையை மட்டும் அன்றைக்கு யாரும் குலுக்கியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வாசலில் ஒருவன் மைக்கை நீட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் படம் எப்படி என்று கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்க ஆள் கிடைத்தால் நம் ஜனங்களுக்குக் கருத்துக்கா பஞ்சம்? தாடி வைத்த ஒருவன், விண்வெளியில் சத்தமே கேட்காது, இந்த இயக்குநருக்கு அடிப்படை அறிவியல் தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினான். அவனே அடுத்த மூச்சில், பின்னணி இசை இன்னும் பலமாக இருந்திருக்கலாம் என்றான். இன்னொருவன் படம் உலகத்தரம் என்றான். இவன் தென்காசியைத் தாண்டி உலகத்தைப் பார்த்தவன் இல்லை. ஒரு அம்மாள் ஏசி நன்றாக இருக்கிறது என்றாள். அன்றைக்குச் சொல்லப்பட்ட கருத்துகளில் உண்மையானது அது ஒன்றுதான்.

மைக் சுடலையாண்டியிடம் வந்தது. "ஐயா, உங்க கருத்து? மறைக்காம சொல்லுங்க."

மாப்பிள்ளையும் இதே வார்த்தையைத்தானே சொன்னான். சுடலையாண்டி மீசையைத் தடவிக்கொண்டார்.

"வீடு ஒத்தை ரூம். ஜன்னல் உண்டு, திறக்க முடியாது. வாசலைத் திறந்தா உசிரு போயிரும்னு அவனே சொல்லுதான். தண்ணி வசதி சுத்தமா இல்ல. தான் போனதையே வடிகட்டிக் குடிக்கான்."

"சாப்பாடு?" என்றான் மைக் பிடித்தவன், ஏதோ சிக்கிவிட்டது என்று தெரிந்து.

"பல்லு விளக்குற பேஸ்ட்டு மாதிரி என்னத்தையோ பிதுக்கித் திங்கான்," என்றார் கோமதிநாயகம். "அதுகூடப் போகட்டும். தாரான்னு ஒருத்தி கூடப் பேசுதான். 'உங்க மேல எனக்கு அக்கறை இருக்கு'ங்கா அவ. குரல்தான் வருது, ஆளைக் காணோம்."

"அது கம்ப்யூட்டர் அண்ணாச்சி," என்றான் மைக் பிடித்தவன்.

"கம்ப்யூட்டர்னா என்ன? பொம்பளைக் குரல் பொம்பளைக் குரல்தான். ஆளை எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான். எங்க அக்கா மகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"மொத்தத்துல படம் எப்படி?"

"படத்தை யாரு பாத்தா? நாங்க மாப்பிள்ளை பாக்கல்லா வந்தோம்," என்றார் பூலையா.

சாயங்காலத்துக்குள் அந்தக் கருத்தைப் போனில் ஊர் ஊராகப் பார்த்துவிட்டார்கள். தாடிக்காரனுடையதை விட அதற்குத்தான் கூட்டம்.

இரண்டாம் பாதியில் மாப்பிள்ளை தேறவில்லை. ராக்கெட் உடைந்தது. கடைசியில் அவன் சனி வளையத்தில் தனியாக மிதந்தபடி, "எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்" என்று பூமிக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கண்ணை மூடினான். எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

மூவரும் ஓவென்று அழுதார்கள். குற்றம் குறை எல்லாம் இருந்தாலும் வீட்டுக்கு வர இருந்த பிள்ளை. அழுதுகொண்டே ஒரு ஆலோசனை நடந்தது.

"எழுந்திரிப்பான் அண்ணாச்சி," என்றார் பூலையா. "நம்ம ஊர்க் கூத்துல செத்தவன்லாம் விடியக்காலையில எழுந்திரிச்சு வேட்டியை உதறிட்டுப் போறான்லா."

அதுவும் நியாயம்தான். எல்லாரும் போன பிறகும் மூவரும் குழவியோடு உட்கார்ந்து வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருக்குகிறவர் வந்து விளக்குமாற்றால் காலைத் தட்டிய பிறகுதான் நம்பிக்கை போயிற்று. மாப்பிள்ளை எழுந்திருக்கவே இல்லை.

துக்கம் நடந்த பிறகு சும்மா ஊர் திரும்பலாமா? மாலை வாங்கிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கரிசல்புதூருக்குப் போனார்கள். அங்கே திருமலையின் அம்மா மகனுடைய படம் வந்த சந்தோஷத்தில் தெருவுக்கே லட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"விவரம் தெரியாமப் போச்சே மதினி!" என்று சுடலையாண்டி வாசலிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார். "திருமலை நம்மளை விட்டுப் போயிட்டான்!"

அந்த அம்மாள் கையிலிருந்த தட்டு விழுந்தது. லட்டு தெரு முழுக்க உருண்டது. உடனே மகனுக்குப் போன் போட்டாள். "எம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன். என்ன ஆச்சு?" என்றது போன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவள் அழுது சிரித்தாள். பூலையா மட்டும் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"ஏமாந்துராதீங்க மதினி. சனியில இருந்து பேச்சு இங்க வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். படத்துலயே சொன்னாங்க. இது உங்க மகன் உசிரோட இருக்கும்போது பேசினது. இப்பத்தான் வந்து சேருது."

அந்த அம்மாளுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. மடத்தனத்துக்கு அவ்வளவு தைரியம் உண்டு. நிமிஷம் கழிந்ததும் அவள் விளக்குமாற்றை எடுத்தாள், மூவரும் குழவியை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

ஊரில் சிவனணைந்தான் ஆவலோடு காத்திருந்தார்.

"பையன் தங்கமானவன்," என்றார் சுடலையாண்டி. "காது மந்தம், சேர்க்கை கொஞ்சம் சரியில்ல. அதெல்லாம் பேசித் தீத்துக்கிடலாம். ஆனா செத்துட்டான்."

"எப்பா! அது நடிப்பு!" என்று கத்தினாள் இசைவாணி. "மத்தியானம்கூட எங்கிட்டப் பேசினாரு!"

"எத்தனை மணிக்கு?" என்றார் பூலையா, மிகவும் பரிவோடு.

சிவனணைந்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாள் கடத்தாமல் வேறு இடம் பார்க்கத் தரகருக்குச் சொல்லிவிட்டார். தரகரும் அடுத்த நாளே, அரிசி மில் வைத்திருக்கும் ஒருவனுடைய போட்டோவோடு வந்து நின்றார். இசைவாணி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திருமலைக்குப் போன் போட்டாள்.

"நீங்க நேர்ல வாங்க. இப்பவே வாங்க. இல்லன்னா என்னை மில்லுக்காரனுக்குக் குடுத்துருவாங்க. விளையாட்டில்ல," என்று சொல்லும்போது அழுதுவிட்டாள். அந்தப் பெண் அழுதது எனக்கே பொறுக்கவில்லை.

திருமலை போட்ட வேலையைப் போட்டபடி விட்டு, மறுநாள் காலையில் வந்து இறங்கினான். வாசலில் நிற்கிறான், முழு உடம்போடு. கால் தரையில் இருந்தது. வந்ததும் மூவரையும் பார்த்துக் கும்பிட்டான். காதும் நன்றாகக் கேட்டது.

"மாமா, நான்தான். உசிரோடதான் இருக்கேன். தொட்டுப் பாருங்க."

கோமதிநாயகம் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. எல்லாரும் பூலையாவைப் பார்த்தார்கள்.

பூலையா நெடுநேரம் யோசித்தார். "பேச்சுக்கு மட்டும் இல்ல, வெளிச்சத்துக்கும் அதே கணக்குதான்," என்றார். "அவனைப் பாக்கும்போது நாம பாக்கறது ஒன்றரை மணி நேரத்துக்கு முந்தின திருமலையை. அப்ப உசிரோட இருந்திருக்கான். இப்ப இருக்கானாங்கிறது ஒன்றரை மணி கழிச்சுத்தான் தெரியும்."

"சித்தப்பா!" என்று பல்லைக் கடித்தாள் இசைவாணி.

"பொறு தாயி. பாத்துருவோம்."

மாப்பிள்ளையை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எதிரே வரிசையாக உட்கார்ந்து, சாகிறானா என்று பார்த்தார்கள். பதில் கேட்க வந்திருந்த தரகரும் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஒன்றரை மணி நேரம் கழிந்தது. திருமலை கொட்டாவி விட்டான்.

"உசிரோட இருக்கான்!" என்றார் சிவனணைந்தான்.

"இது போன ஒன்றரை மணி அண்ணே," என்றார் பூலையா. "இன்னும் ஒன்றரை மணி பாக்கணும்."

மறுபடி பார்த்தார்கள். மறுபடியும் உயிரோடுதான் இருந்தான். மூன்றாம் தரம் பார்க்கத் தயாரானபோது சுடலையாண்டி திடீரென்று எழுந்து நின்றார். அவருடைய மீசை துடித்தது. அறுபது வருஷமாகப் பயன்படாமல் கிடந்த ஒன்று மண்டைக்குள் அசைந்திருக்க வேண்டும்.

"ஏலே, நில்லுங்க! எப்பப் பாத்தாலும் நாம பாக்கறது ஒன்றரை மணிக்கு முந்தின ஆளைத்தான?"

"ஆமா."

"எப்பப் பாத்தாலும் ஒன்றரை மணிக்கு முன்னால உசிரோடதான இருக்கான்?"

"ஆமா."

"அப்ப இவன் சாகவே மாட்டாம்லா!"

சிவனணைந்தான் மெதுவாக எழுந்து வந்து திருமலையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எம்மவளுக்குத் தாலி பாக்கியம் கெட்டி. மில்லுக்காரன்னா எப்ப வேணும்னாலும் செத்துருவான். இப்படி ஒரு மாப்பிள்ளை எந்த ஊர்ல கிடைப்பான்!" என்று தேம்பினார். தரகர் போட்டோவைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திருமலை ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தான். இசைவாணி அவன் காலை நன்றாக ஒரு மிதி மிதித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். பெண்ணுக்குத்தான் அறிவு என்று நான் முன்னாலேயே சொன்னேன்.

கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது, போனேன். ஒன்பது மணிக்கு முகூர்த்தம். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார், திருமலை கட்டினான். மேளக்காரர் குச்சியை ஓங்கினார். பூலையா பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"பொறும்! இப்ப நாம பாக்கறது ஏழரை மணித் தாலி. அப்ப ராகு காலம் போயிட்டிருக்கு. முகூர்த்தத்துல கட்டுற தாலி பத்தரைக்குத்தான் நமக்குத் தெரியும். யாரும் அட்சதை போட்டுராதீங்க!"

புளிச்சான்குளம் மொத்தமும் அட்சதையைக் கையில் மூடிக்கொண்டு அசையாமல் நின்றது. ஐயர் தட்சிணையை வாங்கிக்கொண்டு கிளம்பினார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெதுவாக எழுந்து வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து, ஆற அமரச் சாப்பிட்டார்கள். நானும் கூடத்தான் சாப்பிட்டேன், அவியல் பிரமாதம். கை கழுவிவிட்டு இருவரும் காரில் ஏறிச் சென்னைக்குப் போயே போய்விட்டார்கள். வழியனுப்ப நான் ஒருவன்தான் வாசலில் நின்றேன்.

சரியாகப் பத்தரை மணிக்குப் பூலையா கையைக் காட்டினார். கெட்டிமேளம் கொட்டியது. ஊரே காலியாகக் கிடந்த மணையின் மேல் அட்சதையை அள்ளி வீசியது. சிவனணைந்தானுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

"பாருங்க, எம்மவ எப்படி வெக்கப்பட்டுத் தலையைக் குனிஞ்சிருக்கா!" என்றார் சுடலையாண்டி, எட்டி எட்டிப் பார்த்தபடி.

"அண்ணாச்சி, கொஞ்சம் உக்காருங்க," என்றது பின்னாலிருந்து கோமதிநாயகத்தின் குரல். "மாப்பிள்ளையை மறைக்கீங்க."